சுடர்விழி எழுந்து போகவில்லை

சுடர்விழிக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது தினமும் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. நூற்றுமூன்று, நூற்றுநான்கு என்று ஏறும். வயிற்றிலும் தொடையிலும் இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாகத் தடிப்பு தெரியும். சாப்பிட்டுப் படுப்பதற்குள் காய்ச்சல் இறங்கிவிடும், தடிப்பும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். காலையில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் அவர் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

"புள்ள நல்லாத்தானம்மா இருக்குது?" என்பார் முதலியார்பேட்டை கிளினிக் டாக்டர்.

அம்மா அமுதவல்லிக்கு இது பொறுக்கவில்லை. ஐந்தாம் நாள் நாலு மணிக்கே மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை.

"அடுத்தவங்கள அனுப்புங்க. எங்களுக்கு இன்னும் வரல."

"இன்னா வரல?" என்றாள் டோக்கன் கொடுக்கிற பெண்.

"காய்ச்சல்."

ஐந்தே காலுக்கு வந்தது. உடனே உள்ளே போய் மகளின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். டாக்டர் அன்றைக்குத்தான் சீட்டில் முதல் தடவையாக நாலு வரிக்கு மேல் எழுதினார்.

ஆனால் எழுதியது தப்பாகிவிட்டது. தொண்டைப் புண்ணிலிருந்து வருகிற ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவு செய்து, இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை இடுப்பில் பெனிசிலின் ஊசி போடச் சொன்னார்கள். அந்த நோய்க்கு அது சரியான மருந்துதான். சுடர்விழிக்கு இருந்தது அந்த நோய் இல்லை. இரண்டு வருஷம் போட்டார்கள். ஊசி போட்ட அன்றைக்கு அவளால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடியும்.

அதற்குள் முட்டி இரண்டும் வீங்கின, பிறகு மணிக்கட்டு. காலையில் எழுந்தால் உடம்பு கட்டைபோல இருக்கும். அப்பா தெய்வசிகாமணி உள்ளூரிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். முதல் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மகளைத் தூக்கிக்கொண்டு போய் பாத்ரூம் வாசலில் விடுவார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முட்டியில் சுற்றிக் கொஞ்சநேரம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். பதினோரு மணிக்குமேல் உடம்பின் விறைப்பு தளரும். மத்தியானம் நடப்பாள். சில நாள் ஓடக்கூடச் செய்வாள்.

அதுதான் பள்ளிக்கூடத்தில் வினையாகிவிட்டது. காலை பிரேயரில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளை மத்தியானம் மைதானத்தில் ஓடினால் யார் நம்புவார்கள்? "நடிக்குது" என்றார் வகுப்பு டீச்சர், எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி.

சுடர்விழி கையைத் தூக்கினாள்.

"கணக்கு பீரியடு மத்தியானந்தான் டீச்சர் வருது. நடிக்கிறதா இருந்தா அப்பதான நடிப்பேன்?"

மறுநாள் அமுதவல்லியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உங்கள் பெண்ணுக்கு வாய் அதிகம், ஒத்து வராவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்கள். அமுதவல்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ கேட்டதுல தப்பு இன்னான்னு சொல்லுங்க, கண்டிக்கிறேன். டி.சி. வாங்க மாட்டேன்" என்றாள். வாங்கவும் இல்லை.

ஒன்பது வயதில்தான் பெரிய அரசு மருத்துவமனையில் டாக்டர் நிர்மலாதேவியிடம் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தைகளின் மூட்டு நோய்களுக்கென்றே படித்தவர். கொண்டுபோன காகிதக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, அமுதவல்லியைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "காய்ச்சல் எத்தன மணிக்கு வரும்?"

அமுதவல்லி அழுதுவிட்டாள். இரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

ரத்தம் எடுத்தார்கள், எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள், கிருமி எதுவும் இல்லை, புற்றுநோய் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். கடைசியில் பெயர் வந்தது. குழந்தைகளுக்கு வருகிற ஆர்த்ரைட்டிஸ், அதிலும் உடம்பு முழுவதையும் பிடிக்கிற வகை.

நிர்மலாதேவி கட்டிலில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடமே சொன்னார்.

"உடம்புக்குள்ள கிருமி வந்தா சண்ட போடுறதுக்குன்னு செல்லுங்க இருக்கு. அதுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும். அதுல ஒரு சேதிக்கு இன்டர்லூகின் ஆறுன்னு பேரு. அது ரத்தத்துல ஏறினா காய்ச்சல் வரும், மூட்டு வீங்கும், சாப்பிடப் பிடிக்காது. கிருமி செத்ததும் சேதி நின்னுடணும். உனக்கு உள்ள கிருமியே இல்ல. ஆனா சேதி நிக்காம போய்க்கிட்டே இருக்கு."

"யாரு அனுப்புறா?"

"உன் செல்லுங்கதான்."

"ஏன்?"

"அதுக்கு முழுப் பதில் எங்களுக்கே இன்னும் தெரியாதுடா."

சுடர்விழிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அதுவரை எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. சூடு என்றார்கள், காற்று கருப்பு என்றார்கள், தொண்டை என்றார்கள், நடிப்பு என்றார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அதனால் இவரை நம்பலாம் என்று ஒன்பது வயதில் அவள் முடிவு செய்துகொண்டாள். இதை அவளே பின்னால் சொல்லியிருக்கிறாள்.

முதலில் ஸ்டீராய்டு மாத்திரை. காய்ச்சல் நின்றது, ஆனால் முகம் உப்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் "பன்னு" என்று கூப்பிட்டார்கள். "பன்னுதான். உனக்குக் கெடைக்காது, போ" என்று திருப்பிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். உயரம் நின்றுபோனது. மாத்திரையைக் குறைத்தால் காய்ச்சல் மறுபடி வந்தது.

அதன்பிறகுதான் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பற்றி நிர்மலாதேவி பேசினார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் டிரிப்பாக ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் காசநோய் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள்.

"இந்த மருந்து சேதிய அனுப்ப விடாம பண்ணாது. சேதிய வாங்கிக்கிற எடம் இருக்கில்ல, அத மூடிடும். சேதி வந்தாலும் உள்ள போவாது" என்றார். பிறகு அமுதவல்லியின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் வெச்சிக்கணும். இனிமே இவளுக்கு நெசமாவே கிருமி தாக்கினாலும் காய்ச்சல் பெருசா வராம போலாம். சி.ஆர்.பி.ன்னு ரத்தத்துல ஒண்ணு பாப்பாங்க, அதுவும் நார்மல்னு காட்டும். தெர்மாமீட்டர நம்பாதீங்க. புள்ளையப் பாருங்க. சாப்பிடலன்னா, மூச்சு வாங்கினா, ஒடனே வந்துடுங்க."

"இத எழுதிக் குடுங்கம்மா. நான் சொன்னா எவன் கேப்பான்?" என்றாள் அமுதவல்லி. நிர்மலாதேவி ஃபைலின் பின் அட்டையில் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாவது டிரிப்புக்குப் பிறகு ஒரு காலை தெய்வசிகாமணி வெந்நீர்த் துண்டோடு வந்து பார்த்தால் படுக்கை காலி. சுடர்விழி குழாயடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாப்பா பாக்குற? ஷிப்டுக்கு நேரமாவல?"

நாலு வருஷம் இப்படியே ஓடியது. டிரிப் ஏறுகிற நாளில் ஸ்கூலுக்கு லீவு. மற்ற நாளில் அவளும் எல்லாரையும் போலத்தான். நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் மாமியார் வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடலாம், இப்போதே ஊரெல்லாம் தெரியவிட வேண்டாம் என்று அத்தை ஒருத்தி யோசனை சொன்னபோது சுடர்விழிக்குப் பதின்மூன்று வயது. "எந்த மாமியாரு அத்த? பேர் சொல்லு, இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்" என்றாள்.

பதினான்கு வயதில் ஒரு சனிக்கிழமை இருமல் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைத் தொடவில்லை. மத்தியானம் படுத்திருந்தவளின் விலா உள்ளே போய் வருவதை அமுதவல்லி பார்த்தாள். தெய்வசிகாமணி வேலையில் இருந்தார். ஆட்டோ பிடித்துப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டியூட்டியில் இருந்தவர் இளம் வயது டாக்டர். காய்ச்சல் இல்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார். ரத்தப் பரிசோதனை வந்தது. சி.ஆர்.பி. நார்மல்.

"வைரல்மா. சிரப் எழுதித் தர்றேன். ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். வீட்டுக்குப் போலாம்."

சுடர்விழி கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

"சார்... ஃபைல பாருங்க."

"பாத்துட்டேன்மா."

"பின்னாடி பாக்கல."

அவருக்குக் கோபம் வந்தது. "நீ டாக்டரா?"

"இல்ல சார். பேஷண்டு." மூச்சு வாங்கியதால் துண்டு துண்டாகத்தான் பேச வந்தது. "நாலு வருஷமா. எனக்கு... இந்த மருந்து ஏறுது. காய்ச்சல் வராது. சி.ஆர்.பி. ஏறாது. எக்ஸ்ரே எடுங்க."

"அடுத்த பேஷண்டு வெளியில நிக்கிறாங்க, எழுந்திரும்மா" என்று நர்ஸ் கையைப் பிடித்தார். அமுதவல்லி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னா... நானே நடந்து போயிடுறேன் சார். எடுக்காம போமாட்டேன்."

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் சீட்டை இழுத்து, தொலையட்டும் என்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் படம் வந்தது. வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வந்து ஃபைலைத் திருப்பிப் பின் அட்டையை இரண்டு தடவை படித்தார். அவரே நிர்மலாதேவிக்குப் போன் செய்தார். ஆன்டிபயாடிக் உடனே ஏறியது. மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஆம்புலன்சில் ஏற்றியபோது ஆக்சிஜன் சிலிண்டரைத் தானே பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தார்.

பதினோரு நாள் அங்கே இருந்தாள். தெய்வசிகாமணி கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துக்கொண்டே, "டாக்டரையே எதுத்துப் பேசினியாமே?" என்று கேட்டார். அவருக்குப் பெருமையா பயமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"எதுத்துலாம் பேசலப்பா. எழுந்து போவல. அவ்ளோதான்."

அடுத்த அடி நோயிலிருந்து வரவில்லை, வெளியிலிருந்து வந்தது. கொரோனா இரண்டாம் அலை. சுடர்விழிக்குப் பதினாறு வயது. மூச்சுத் திணறிக் கிடந்த கொரோனா நோயாளிகள் சிலருக்கும் அதே இன்டர்லூகின் ஆறு கட்டுக்கடங்காமல் ஏறியது, அவர்களுக்கும் அதே மருந்தைப் போட்டார்கள். நாடு முழுக்க டோசிலிசுமாப் கிடைக்கவில்லை. நிர்மலாதேவி சென்னைக்கும் பெங்களூருக்கும் போன்மேல் போன் போட்டுப் பார்த்தார். ஒரு குப்பிகூட வரவில்லை. நான்கு டிரிப் தவறிப்போயிற்று.

ஆறாவது வாரம் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. அமுதவல்லி கடிகாரத்தைப் பார்க்காமலே மணி சொன்னாள். இடது முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது. மறுபடி ஸ்டீராய்டு, மறுபடி உப்பிய முகம். ஆன்லைன் வகுப்பில் எல்லாரும் கேமராவை அணைத்து வைத்திருந்தார்கள். இவள் மட்டும் அணைக்கவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஜனங்க உசுரு போய்க் கெடக்குது, உனக்கு முட்டிதானம்மா, பொறுத்துக்கோ" என்றார்.

"அவங்களுக்கும் வேணும், எனக்கும் வேணும்" என்றாள் சுடர்விழி. "ரெண்டு பேருக்கும் பத்துற மாதிரி ஏன் செய்யலன்னு மருந்து செய்றவங்களக் கேளுங்க. என்ன ஏன் பொறுத்துக்கச் சொல்றீங்க?"

ஜூலை மாதம் மருந்து மறுபடி கிடைத்தது. காய்ச்சல் நின்றது, வீக்கம் வடிந்தது. ஆனால் அந்த முட்டி மட்டும் முழுசாக நீளவில்லை. எக்சர்சைஸ், வெந்நீர், கட்டு என்று ஒரு வருஷம் செய்து பார்த்தார்கள். கடைசிக் கொஞ்சம் நீளவே இல்லை. அன்றிலிருந்து நடையில் ஒரு சாய்வு உண்டு. அதை மறைப்பதற்காக அவள் மெதுவாக நடப்பதில்லை, வேகமாகத்தான் நடக்கிறாள்.

பிளஸ் டூ முடித்து பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கினாள். போன வருஷம் தட்டாஞ்சாவடியில் சுவிட்சுப் பெட்டி பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்கு எழுதிப் போட்டாள். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: நீண்டகால நோய் ஏதாவது உண்டா?

"அத சும்மா உட்டுடும்மா" என்றார் தெய்வசிகாமணி. அவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. மகளுக்கு ஒரு வேலை அமைந்துவிட்டால் போதும் என்றிருந்தது. "உள்ள போய்ட்டு அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி லீவு கேப்பேன்பா. அப்ப மெதுவா இன்னா சொல்றது, காதுகுத்துன்னா?"

நோயின் பெயரை முழுசாக எழுதினாள், மருந்தின் பெயரையும். நேர்காணலில் ஆபீஸ் மேடம் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"லீவு நெறைய போடுவீங்களா?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை. நான் எழுதிட்டேன் மேடம். எழுதாதவங்க எத்தன நாள் போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியாதில்ல?"

மூன்று வாரம் பதிலே இல்லை. பிறகு ஆறு மாதம் பார்க்கிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆள் பற்றாக்குறை என்பதும் உண்மை.

பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற மேசையில் எட்டுப் பெண்கள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்பது சூப்பர்வைசர் கமலக்கண்ணனின் கணக்கு. இரண்டாவது வாரத்தில் சுடர்விழியின் முட்டி சூடாகிவிட்டது. ஸ்டூல் கேட்டாள்.

"மெடிக்கல் லெட்டர் கொண்டா. உனக்கு மட்டும் தரச் சொல்றேன்" என்றார் அவர். நியாயமான பேச்சுதான். நிர்மலாதேவியும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்திருப்பார்.

சுடர்விழி மேசையைப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கிற மணியம்மாளுக்கு ஐம்பது வயது. கணுக்காலிலிருந்து முட்டிவரை நரம்பு பச்சையாக முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள்.

"எட்டு பேருக்கும் குடுங்க சார்."

"அவங்க யாரும் கேக்கலியே."

"நான் கேக்குறேன்ல?"

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அப்பாவின் டி.வி.எஸ்.ஸின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள். பதினோரு மணிக்குள் அது ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. அதற்கு மறுநாள் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கமலக்கண்ணன் வந்து நின்றார்.

"எழுந்திரு."

"வேலையில தப்பு இருந்தா சொல்லுங்க சார், எழுந்துக்கிறேன்."

அவர் அவள் பார்த்து முடித்த தட்டை இழுத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தார். எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மூலையில் மயிரிழை விரிசல்.

"இதோ."

சுடர்விழிக்கு முகம் சிவந்தது. தப்பு தப்புதான். சொன்ன சொல்லுக்காக எழுந்து நின்றாள். அப்போது மணியம்மாள் தன் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"என்னுதையும் பாருங்க சார். நான் நின்னுக்கினுதான் பாத்தேன்."

அவளுடையதில் மூன்று இருந்தன. மணியம்மாள் இன்னொரு பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு, "அப்ப உக்காந்தா கொறையுது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மற்ற நால்வர் உட்காரவில்லை. அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது, சுடர்விழி அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. அவள் மறுபடி பெட்டியில் உட்கார்ந்து அடுத்த தட்டை எடுத்தாள்.

விஷயம் மேனேஜர்வரை போயிற்று. ஒரு மாதம் கழித்து நான்கு ஸ்டூல் வந்தது, மணிக்கணக்கு வைத்து மாற்றி மாற்றி உட்கார வேண்டும் என்று உத்தரவோடு. கூடவே, சுடர்விழியின் ஆறு மாதத்தை ஒழுங்குக் காரணத்துக்காக ஒன்பது மாதமாக நீட்டியிருப்பதாக ஒரு கடிதம். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள். கீழே, "காரணத்தை ஒப்புக்கொள்ளவில்லை" என்று தமிழில் எழுதிவிட்டுக் கொடுத்தாள்.

அந்த ஒன்பது மாதம் போன மாதம் முடிந்தது. இப்போது நிரந்தரம். ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு டிரிப்புக்குப் போகிறாள். ரத்தம் இப்படியே நல்லபடியாக இருந்தால் இடைவெளியை மூன்று வாரமாக்கிப் பார்க்கலாம் என்று நிர்மலாதேவி சொல்லியிருக்கிறார். நின்றுவிடுமா என்று கேட்டதற்கு, சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது என்றார்.

போன புதன்கிழமை அவள் இன்னொரு மனு எழுதினாள். மீதி நான்கு ஸ்டூலுக்கு. இந்தத் தடவை ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கமலக்கண்ணன் வாங்கிப் படித்தார்.

"மாத்தி மாத்தி உக்காருறீங்களே, இன்னும் இன்னாத்துக்கு?"

"நாங்க எட்டு பேரு சார்" என்றாள்.

அவர் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறைப் பக்கம் போனார். சுடர்விழி மறுநாளைய லீவுச் சீட்டை எழுதி ஆபீஸ் மேடத்திடம் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.